ஹன்னாவின் தாய் என்ன வேலை செய்தாள்

பலேர்மோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கபோ சந்தைக்குள் நடக்கும்போது இன்றைக்கும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. இருபத்தாறு வருடங்களாக இதே சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்குகிறேன். மீன்காரன் என்னைக் கண்டால் மீன்தலையை எறியாமல் சேர்த்துக் கட்டித் தருவான், அவ்வளவு பழக்கம். ஆனாலும் மேலே பார்க்கும் கூச்சம் போகவில்லை. பால்கனிக்குப் பால்கனி கொடி கட்டி, ஒவ்வொரு வீட்டின் உள்ளும் புறமும் அங்கே தொங்கும். ஆண்களின் காற்சட்டை, கிழவிகளின் உள்பாடி, குழந்தைப்பிள்ளையின் துணி, படுக்கை விரிப்பு எல்லாம் தெருவைப் பார்த்தபடி ஈரம் சொட்டும். கீழே நிற்பவர்கள் தோளில் விழுந்த துளியைத் தட்டிவிட்டு விலை பேசுவார்கள். ஊரில் எங்கள் பக்கத்தில் உள்ளுடுப்பை ஒரு துவாய்க்குக் கீழே மறைத்துத்தான் காயப்போடுவோம். அதனால் வந்த புதிதில் எங்கள் உடுப்புகளை அறைக்குள்ளே கதிரைகளில் விரித்துக் காயவைத்தேன். பால்கனியில் ஒரு துண்டுகூடக் காணாத கீழ்வீட்டுக் கிழவி, எங்களிடம் மாற்றுடுப்பே இல்லை என்று முடிவுகட்டி, ஒரு பை நிறையப் பழைய உடுப்புகளைக் கொண்டுவந்து தந்து என் கன்னத்தைத் தடவினாள். எனக்கு அப்போது மொழி தெரியாது. பையைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். வெட்கம் எனக்கு எப்போதும் பிழையான இடத்தில்தான் வந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வெளியே கொடி போடப் பழக்கியவர் பவளக்கா. எங்களுக்கு இரண்டு வருடம் முன்னர் வந்தவர், ஊரில் எனக்கு அடுத்த ஊர்க்காரி. ஒழுங்கையின் எதிர்ப்பக்க வீட்டில், என் பால்கனிக்கு நேர் எதிரே இருக்கிறார். இரண்டு பால்கனிக்கும் இடையில் கப்பி வைத்து ஒரு கயிறு ஓடுகிறது. ஒரு பாதி என்னுடையது, மறுபாதி அவருடையது. கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. அது அவர் பக்கத்துக் கப்பியில் வந்து சிக்கும்போது அவர் கையால் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் என் உடுப்பு நடுவழியில் நிற்கும். இருபத்து நான்கு வருடமாக அந்த முடிச்சை நாங்கள் மாற்றவில்லை, ஏனென்றால் அது சிக்கும்போதுதான் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் கதைப்போம்.

நான் செய்யும் வேலைக்கு இங்கே படாந்தே என்று பெயர். வயதானவர்களோடு இருந்து சமைத்து, தோய்த்து, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கும் பெண். ஊரில் இருப்பவர்களுக்கு நான் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் பார்க்கும் சிஞோரா லீவியா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், அதனால் அது முழுப்பொய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். வீடியோவில் கதைப்பதென்றால் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டின் பெரிய கூடத்துக்குப் போய், கூரையில் வரைந்த தேவதைகள் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பேன். ஊரில் இருக்கும் என் அண்ணர் 'நல்ல இடம்' என்பார். சிஞோராவுக்கு சிவமலர் என்ற என் பெயர் வாயில் நுழையவில்லை. முதல் கிழமையே சில்வியா ஆக்கிவிட்டார். நானும், ஓம் அம்மா என்ற அர்த்தத்தில், 'சீ, சிஞோரா' என்று அதற்கே திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. நீ யாருடைய ஆள் என்று கேட்டார். இங்கே பழைய ஆட்கள் அப்படிக் கேட்பார்கள். யார் உன்னை அனுப்பினார்கள், எந்த வீட்டில் முன்பு வேலை செய்தாய் என்பதுதான் அர்த்தம். எனக்கோ அது நன்றாகத் தெரிந்த கேள்வி. ஊரில் ஒருவரைக் கண்டதும் எவடம், ஆற்றை பகுதி என்று தொடங்கி மூன்று நிமிடத்தில் அவருடைய பூட்டன் வரை போய்விடுவோமே, அந்தக் கேள்வி. ஆகவே நான் நிமிர்ந்து நின்று, எங்கள் தோட்டக் காணி, பெரியப்பாவின் உத்தியோகம், கோவிலில் எங்களுக்குள்ள திருவிழா என்று அரைகுறை இத்தாலியனில் அடுக்கினேன். சிஞோரா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உனக்கு ஊசி போடத் தெரியுமா என்று கேட்டார்.

இந்த மாசி மாதம் அவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஆங்கிலக் கடிதங்கள், பழைய காலச் சாய்வெழுத்தில். சிஞோராவின் பூட்டி ஓர் ஆங்கிலேயப் பெண், பெயர் ஹன்னா. வைன் வியாபாரம் செய்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்காரியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலேர்மோவுக்குக் கப்பலில் வந்தவள். இங்கே ஒரு தச்சனை முடித்து இங்கேயே இருந்துவிட்டாள். அவளுக்கு இங்கிலாந்தில் இருந்து தங்கை எழுதிய கடிதங்கள்தான் பெட்டியில் இருந்தன. சிஞோராவுக்கு ஆனியில் எண்பதாவது பிறந்தநாள். அதற்கு வரும் சொந்தங்களுக்குக் கொடுக்க ஹன்னாவைப் பற்றி ஒரு சிறு புத்தகம் செய்ய ஆசைப்பட்டார். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஆள் வேண்டும். நான் கொன்வென்டில் படித்து, ஊரை விட்டு வெளிக்கிடும் முன்னர் மூன்று வருடம் ரியூட்டறி என்ற தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தவள். இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக யாரோ என்னிடம் அதைக் கேட்டார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிஞோராவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பால் விலை, பூனை, பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று அந்தத் தங்கை எழுதிய எல்லாம் என் சமையலறை இத்தாலியனில் வெளியே வந்தது. ஆனால் ஒரு விசயம் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அம்மாவின் கைகளைப் பற்றி இருந்தது. அம்மாவின் கை இப்போது பரவாயில்லை. குளிர் வந்தால் அம்மாவின் கை வெடிக்கிறது. நீ அனுப்பிய ஒலிவ் எண்ணெயை அம்மா கைக்குப் பூசுகிறா. சிஞோரா கண்ணை மூடி யோசித்து, ஒருவேளை பியானோ வாசிப்பவளாக இருந்திருப்பாளோ என்றார்.

ஹன்னாவின் தாய் தகப்பன் யார் என்று அறிய இங்கிலாந்தில் பழைய பதிவுகள் வைத்திருக்கும் காரியாலயம் ஒன்றுக்கு எழுதிப் பார்த்தோம். எழுதியது என் மகள் தர்சி. அவள் இங்கே பிறந்தவள், இப்போது தொரினோவில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள், இந்த இமெயில் விவகாரமெல்லாம் அவள் கையில்தான். ஆறு கிழமைக்குப் பின் பதில் வந்தது. தர்சி அதை என் போனுக்குத் தள்ளிவிட்டாள். கூடத்தில் நின்று வாசித்தேன். ஹன்னாவின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு. குடிசனக் கணக்கில் தாயின் தொழில் என்ற இடத்தில் சலவைக்காரி. மற்றவர்களின் துணியைத் தோய்த்து, அவித்து, காயப்போட்டுப் பிழைத்தவள். எனக்கு அந்தக் கைகள் விளங்கின. உடனே முகம் சூடாகிவிட்டது, அது ஏதோ என் வீட்டுச் செய்தி போல. சிஞோரா சாய்கதிரையில் இருந்து, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஹன்னாவின் தகப்பன் ஒரு மயெஸ்ட்ரோ, அதாவது பள்ளிக்கூட ஆசிரியர், இளவயதில் செத்துப்போனார் என்றேன். சிஞோரா இரண்டு கையையும் தட்டினார். அப்படியானால் என் ரத்தத்திலேயே அது இருந்திருக்கிறது என்றார். நாற்பது வருடம் படிப்பித்த மனுசி, ஒரு பிள்ளையைப் போலச் சந்தோசப்பட்டார். பாவம், நல்லதுதான் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருதரம் கட்டாடியார் வருவார். துணி வெளுப்பவரை அப்படித்தான் சொல்வோம். படலையால் வராமல் பின்வேலியில் உள்ள பொட்டு என்ற சிறு ஓட்டையால் வந்து கிணற்றடிக்குத் தள்ளி நிற்பார். ஊத்தை உடுப்பைப் பொட்டளியாகக் கட்டி அம்மா நிலத்தில் வைப்பா, அவர் எடுப்பார். கைக்குக் கை கொடுக்க மாட்டோம். தேத்தண்ணி சிரட்டையில். நான் பிறந்தபோது துடக்கு, அதாவது தீட்டுத் துணி தோய்த்தவர் அவர். நான் பெரியபிள்ளையானபோது கட்டிய மாற்றுச் சேலை அவர் கொண்டுவந்தது. என் அப்பாவை விட வயதில் மூத்தவர். நான் எட்டு வயதில் அவரை 'நீ' என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் 'பிள்ளை' என்றார். எந்தப் பகுதி நாங்கள் என்று நான் இதில் எழுதவில்லை, அந்தப் பெருமையை இன்னொருதரம் அச்சில் ஏற்ற வேண்டாம்.

இந்தப் பொய் எனக்கு ஏன் அவ்வளவு லேசாக வந்தது என்றால், அது முதல் பொய் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னர் தர்சிக்கும் பவளக்காவின் மகன் நிரோஷனுக்கும் விருப்பம் என்று தெரியவந்தது. நிரோஷன் மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல் வேலை, நல்ல பிள்ளை. என் கொடியில் இருந்து காற்றுக்கு விழுந்த உடுப்பை எத்தனை தரம் மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து தந்திருப்பான். இவர், அதாவது என் மனுசன், பிள்ளைக்குப் பிடித்தால் செய்து வைப்போம் என்றார். நான் மட்டும், முறைக்கு ஒருக்கா விசாரிப்போம் என்று அண்ணருக்குப் போன் எடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. 'அவை எங்கடை ஆக்கள் இல்லை, மலர். பெடியன்ரை பேரன் கட்டாடி' என்றார், அதாவது அவனுடைய தாத்தா. இருபது வருடம் கயிற்றைப் பகிர்ந்து, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட பவளக்கா. இதைத் தர்சிக்குச் சொன்னால் அவள் சிரிப்பாள், பிறகு கத்துவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சாத்திரியாரைப் பிடித்தேன். அவர் இரண்டு சாதகத்தையும் பார்த்துப் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். வீட்டில் வந்து, பெடியனின் நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாதாம் என்று சொன்னேன். இவருக்கு அப்போதே நெஞ்சு வருத்தம் இருந்தது. 'என்னைப் பற்றி யோசிக்காதேங்கோ, நான் அவ்வளவு லேசில போகமாட்டன்' என்று இவர் பகிடி விட்டார். தர்சி பகிடியாக எடுக்கவில்லை. தகப்பனுக்காக விட்டுக்கொடுத்தாள். பவளக்கா பால்கனியில் நின்று, தன் பிள்ளையின் நட்சத்திரத்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நிரோஷன் லண்டனுக்குப் போய் அங்கே கலியாணம் முடித்தான்.

அடுத்த வருடமே இவர் நெஞ்சு வருத்தத்தால் செத்துப்போனார். 'நான் விட்டுக்குடுத்தும் அப்பா நிக்கேல்லை' என்று தர்சி ஒருதரம் சொன்னாள், பிறகு கலியாணப் பேச்சே எடுக்க விடவில்லை. செத்தவீட்டுக்கு இவருக்கு உடுத்திய வெள்ளை வேட்டியைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தவர் பவளக்கா. நான் கேட்கவில்லை, தானாகச் செய்தார். இதை எழுதக் கை கூசுகிறது: அந்த வேட்டியை வாங்கியபோது, என் மனுசன் நடுவீட்டில் கிடந்த அந்த நேரத்திலும், கட்டாடி வீட்டுத் துணி வந்திருக்கிறது, முறைப்படிதான் நடக்கிறது என்று என் மனம் ஒரு கணம் திருப்திப்பட்டது.

பிறந்தநாள் விருந்து மொண்டெல்லோவில், கடலைப் பார்த்த ஒரு கடையில் நடந்தது. என்னை வேலைக்காரியாக இல்லாமல் விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். தர்சியும் விடுமுறையில் வந்திருந்தாள், அவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் சிஞோரா. ஒவ்வொரு கோப்பைக்குப் பக்கத்திலும் அந்தச் சிறு புத்தகம், நாற்பது பிரதி. கடைசிப் பக்கத்தில் சில்வியாவுக்கு நன்றி என்று இருந்தது. சிஞோராவின் மருமகன் எழுந்து முதல் பக்கத்தை உரத்து வாசித்தார். ஹன்னா ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மகள் என்ற இடத்தில் எல்லாரும் சிஞோராவைப் பார்த்துக் கைதட்டினார்கள். சிஞோரா என்னைப் பார்த்துக் கிளாசை உயர்த்தினார். அப்போது தர்சி, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், சரியான இத்தாலியனில் கேட்டாள்: ஆனால் அவளுடைய அம்மா லவாந்தாயா அல்லவா, தகப்பன் பெயர் இல்லையே, நான் அந்த இமெயிலை வாசித்தேனே. லவாந்தாயா என்றால் சலவைக்காரி. சிஞோரா கிளாசை மேசையில் வைத்து, 'சில்வியா?' என்றார். எனக்கு ஆங்கிலம் சரியாக விளங்கவில்லை என்று சொன்னேன். மேசையே உடனே இரங்கிவிட்டது. பாவம், அவளுக்கு எப்படி விளங்கும், பழைய எழுத்து வேறு என்றார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவினாள். கொன்வென்டில் படித்த, ரியூட்டறியில் படிப்பித்த நான், தெரியாதவள் என்ற மன்னிப்பை வாங்கிக்கொண்டு மீனைச் சாப்பிட்டேன். சிஞோரா மட்டும் நம்பவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தர்சி கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு இங்கிலீஷ் விளங்கேல்லையோ? எனக்கு இங்கிலீஷ் படிப்பிச்சதே நீங்கள்தானே."

நான் கைப்பையில் பஸ் ரிக்கெற்றைத் தேடினேன்.

"மா பெர்கே, அம்மா? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவை குறைவா நினைப்பினம் எண்டுதான்."

"ஆர் நினைக்கிறது? அவையோ, நீங்களோ?" என்றாள். பிறகு மெதுவாக, "காலமையிலை இருந்து நீங்கள் ஆற்றை உடுப்பைத் தோய்க்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். நிரோஷனின் கதையை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தர்சி மூன்றாம் நாள் தொரினோவுக்குப் போய்விட்டாள்.

விருந்துக்கு அடுத்த நாள் நான் போனபோது சிஞோரா கடிதங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். கைகளைப் பற்றி வரும் இடங்களை மட்டும் முதலில் இருந்து வாசி என்றார். வாசித்தேன். குளிர், வெடிப்பு, எண்ணெய், ரத்தம் எல்லாம் மறுபடி என் வாயால் வந்தது. ஏப்ரனைக் கழற்ற அன்றைக்கு எனக்குத் துணிவில்லை. முடித்ததும் அவர் சொன்னார்.

"என் அம்மா கபோவில் வக்கீல்மாரின் சட்டைகளை அயர்ன் பண்ணித்தான் என்னைப் படிப்பித்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்."

"சொன்னீங்கள்."

"கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்."

கேட்டேன்தான். கேட்டபோது அவருக்காகக் கூச்சப்பட்டு, சட்டென்று வேறு கதைக்குப் போயிருந்தேன். இப்போது தலையை ஆட்டினேன்.

"ஒரு மனுசி தன் பிள்ளையைக் கப்பலேற்றும் வரை கையை அவித்திருக்கிறாள். நீ அவளை எடுத்துவிட்டு, இல்லாத ஓர் ஆசிரியரை எனக்குத் தந்தாய். நானும் அவனுக்காகக் கைதட்டினேன்." பிறகு, "நீ வெட்கப்பட்டது யாருக்காக, எனக்காகவா?" என்றார்.

எங்கள் ஊரில் எப்படி என்று சொல்லத் தொடங்கினேன். பின்வேலி, சிரட்டை, பொட்டளி எல்லாம். கணக்கில் பிழை பிடிக்கும் ரீச்சர் மாதிரி இடையில் நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், அப்படியானால் நீ யார், என் விரிப்புகளைத் தோய்ப்பது நீதானே என்றார். நான் வாய்தவறி, இது வெளிநாடு, இங்கே செய்தால் அது கணக்கில் சேராது என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம், சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். சிஞோராவுக்கு அது விளங்கவில்லை. என்னை வேலையால் நிறுத்தப்போகிறார் என்று நின்றேன். அவர் உள்ளே போய், விருந்தில் யாரையும் எடுத்துப்போக விடாமல் திருப்பி வாங்கிவந்த நாற்பது புத்தகங்களையும் ஒரு பேனையையும் கொண்டுவந்து வைத்தார்.

ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஆசிரியர் வரியை வெட்டிவிட்டு, ஹன்னாவின் தாய் லவாந்தாயா என்று என் கையெழுத்தில் எழுதினேன். இரண்டு நாள் எடுத்தது. இருபதாவது பிரதிக்குக் கிட்ட வரும்போது, எங்கள் கட்டாடியாரின் பெயர் என்ன என்று யோசித்தேன். வரவில்லை. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் நூறு வருடத்துக்கும் மேல் முன்னர் இருந்த பூனையின் பெயர் எனக்குத் தெரிகிறது, பன்னிரண்டு வருடம் என் உடுப்பைச் சுமந்தவரின் பெயர் தெரியவில்லை. அண்ணருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். 'கட்டாடி எண்டுதானே கூப்பிட்டனாங்கள், அவன்ரை பேர் இப்ப ஏன்?' என்றார். அவருக்கும் தெரியாது. பவளக்காவின் மாமனாரையும் தாண்டி ஏழு தலைமுறையை இரண்டு நாளில் துருவி எடுத்தவர் அண்ணர், கேட்கச் சொன்னது நான்.

நாற்பதாவது பிரதியைச் சிஞோராவிடம் எனக்கென்று கேட்டு வாங்கினேன். திருத்திய வரிக்குக் கீழே தமிழில், தர்சி வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதினேன்: 'உங்கள் இரண்டு பேரின் சாதகமும் பொருந்தியது. நட்சத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவுக்கு அதனால் ஒன்றும் வந்திருக்காது. நிரோஷனின் பேரனார் செய்த தொழிலுக்காக நான் பொய் சொன்னேன்.' தபாலில் போட்டேன். வழமையாகப் போன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை அவள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு பின்னேரம் எடுத்தாள். அழவில்லை, கத்தவில்லை. அது நடந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பவளம் அன்ரிக்குச் சொல்லிட்டீங்களோ?" என்றாள்.

"இல்லை."

"அவ மூண்டு வரிசமா சனிக்கிழமை விரதம் பிடிக்கிறா, அம்மா. நிரோஷன்ரை லண்டன் மாமனாருக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு."

இதுவும் எனக்குத் தெரிந்த விசயம்தான். சனிக்கிழமைகளில் எதிர்வீட்டில் எள்ளெண்ணெய் விளக்கு எரிவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். என் இரண்டு சட்டை, சிஞோராவின் தலையணை உறைகள், என் உள்பாவாடை எல்லாவற்றையும் கயிற்றில் போட்டேன். பவளக்கா எதிரே காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அவர் வாசலை மிதிக்கத் துணிவு வரவில்லை. மெதுவாகத் தொடங்கினேன்.

"கேக்கேல்லை, மலர். கொஞ்சம் பலத்துக் கதையும்."

ஒழுங்கைக்கு மேலால் கத்தினேன். "நிரோஷன்ரை நட்சத்திரத்திலை ஒரு பிழையும் இல்லை, அக்கா. நான் பொய் சொன்னனான்."

அவர் கையில் இருந்த உடுப்பைக் கம்பியில் வைத்தார். "அப்ப உம்மடை மனுசன் போனது?"

"அது அவற்றை நெஞ்சு வருத்தம்."

"என்ரை பிள்ளையாலை இல்லையோ?"

"இல்லை, அக்கா."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முருகா, முருகா என்றார். கையை எடுத்தபோது நாலு வருடமாக நான் காணாத முகமாக இருந்தது. என் மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் அந்த மனுசிக்குச் சந்தோசம் வந்தது. கலியாணம் நடக்காவிட்டாலும் தன் பிள்ளை விரும்பியதே என் மனுசனைத் தாக்கிவிட்டது என்று நினைத்து, அந்தப் பாவத்துக்குத்தான் அன்றைக்கு வேட்டியைத் தோய்த்துத் தந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சந்தோசத்திலேயே, வழமையாக எனக்கு உதவுவது போலக் கயிற்றைத் தன் பக்கம் இரண்டு முழம் இழுத்தார். பிறகு கை நின்றது.

"அப்ப ஏன், மலர்?"

சொன்னேன். அண்ணருக்குப் போன் எடுத்தது, அவர் சொன்ன சொல், எல்லாவற்றையும், அதே பலத்த குரலில். கீழே போனவர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் ஒன்றிரண்டு பேர் நின்று கேட்டார்கள். நான் முடித்ததும் பவளக்கா தன் பக்கத்தில் மிச்சமிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துக் கையில் அடுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பலகைக் கதவைச் சாத்தினார்.

இன்றைக்கு மூன்றாம் நாள். முடிச்சு அவர் பக்கத்துக் கப்பியில் சிக்கியிருக்கிறது. அவர் கை வைக்காமல் அது ஓடாது. என் உடுப்புகள் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில், சந்தைக்குப் போகும் ஒழுங்கைக்கு மேலே காய்ந்து முறுகித் தொங்குகின்றன. உள்பாவாடை நல்ல வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிகிறது. கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் உள்ளே போகாமல் பால்கனியிலேயே நிற்கிறேன்.